திடலின் வாயில் நான் போட்ட சங்கிலி

நேற்று ஷெட் வாசலில் உங்களில் இரண்டு பேர் வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். நான் குறுக்கே வந்து சமாதானம் பண்ணவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. அதே சண்டையை உங்களைவிடக் கேவலமாகப் போட்டவன் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, தலைக்கனம் மட்டும் முப்பது வருஷ டிரைவருக்கு உண்டானது.

அந்தச் சண்டை எங்கே போய் முடிந்தது என்பதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் வேண்டுமானால் சட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இப்போது நாற்பதடிப் பெட்டி, பதினெட்டுச் சக்கரம். எங்கள் நாளில் டிரெய்லர் என்றால் யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துக் கட்டியதுதான். நாலு சக்கரம், மேலே மரப் பலகை, லாரியோடு மாட்ட முன்னால் ஒரு இரும்புத் தண்டு. மாட்டுவண்டிக்காரர்களைப் பார்த்து நாங்களும் அந்தத் தண்டை ஏர்க்கால் என்றே சொல்வோம். துறைமுகத்துக்குள் டிரெய்லரோடு போனால் திரும்ப இடம் கிடைக்காது. அதனால் வெளியே ஓரிடத்தில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, லாரி மட்டும் உள்ளே போய் வரும்.

அந்த இடம் ராயபுரத்தைத் தாண்டி வடக்கே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒரு மணல் திடல். திடலின் மேற்கோரத்தில் ஒரு மீனவர் குப்பம். திடல் அவர்களுடையதா எங்களுடையதா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. நாங்கள் விட்டுப்போன டிரெய்லர்கள் மேல் அவர்கள் வலை காயப்போடுவார்கள். அவர்கள் விரித்த கருவாட்டுப் பாயைச் சுற்றிக்கொண்டு நாங்கள் வண்டி ஓட்டுவோம். மணலில் சக்கரம் புதையும் என்பதால் செங்கல் ஜல்லி கொட்டி ஒரே ஒரு பாதை போட்டிருந்தது. அந்தப் பாதை சாலையைத் தொடும் இடத்தைத் திடலின் வாய் என்போம். உள்ளே போவதும் அதன் வழிதான், வெளியே வருவதும் அதன் வழிதான்.

எழுதி வைக்காத சட்டம் ஒன்று அங்கே இருந்தது. விட்டுப்போன டிரெய்லரைப் பூட்டக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டவன் வெளியே வர வேண்டுமானால், முன்னால் நிற்பது எவனுடையதானாலும் தன் லாரியில் மாட்டி ஓரம் கட்டிக்கொள்ளலாம். நகர்த்தியவன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். இருபது முப்பது டிரெய்லர்கள் நிற்கும், காவல்காரன் கிடையாது. ஒரு நாள்கூட ஒரு சாக்கு காணாமல் போனதில்லை. இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் டிரெய்லரை ஒரே வாரத்தில் மூன்று முறை நகர்த்தியவர் வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மெல்லிய ஆள், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. நான் வாய் ஓரமாக நல்ல இடம் பார்த்து விட்டுப் போவேன். வந்து பார்த்தால் என் டிரெய்லர் எங்கோ மூலையில் வலைகளுக்கு நடுவே நிற்கும். மூன்றாவது நாள் அவரை மறித்துக்கொண்டேன்.

"இன்னா பாய், என் வண்டி மேலயே ஒனுக்கு கண்ணு?"

"நீ வாய்ல கொண்ணாந்து வுட்டா நான் இன்னா பண்றது, நைனா? உள்ள கீறவன் பறந்தா போவான்?"

"இனிமே தொட்டுப் பாரு."

"தொடுவேன். நீயும் என்னுத தொடு. அதுக்குத்தான தெறந்து கீது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. மறுநாளே தண்டையார்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் சங்கிலியும் பூட்டும் வாங்கினேன்.

ஐப்பசி மாதம். மத்தியானமே வானம் கறுத்திருந்தது. காலி டிரெய்லரைத் திடலின் வாயில், பாதைக்குக் குறுக்காக நிறுத்தினேன். சக்கரங்களுக்குள் சங்கிலியை விட்டு, அடிச்சட்டத்தோடு சேர்த்துச் சுற்றிப் பூட்டினேன். உள்ளே பாயின் டிரெய்லர் சுமையோடு, தார்ப்பாய் போர்த்தி நின்றுகொண்டிருந்தது. இப்போ நகர்த்து பார்க்கலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். என்ன சுமை என்று நான் பார்க்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டு, மழைச் சத்தத்தில் சுகமாகத் தூங்கினேன்.

விடிந்து லாரியை எடுத்துக்கொண்டு வந்தேன். மழை கொஞ்சம் தணிந்திருந்தது, காற்று தணியவில்லை. திடலுக்குக் கொஞ்ச தூரம் முன்பே சாலையில் ஏழெட்டு லாரிகள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் இன்ஜின் ஓடவில்லை. டிரைவர்கள் எல்லாம் கீழே நின்றார்கள், ஒருவர் வாயிலும் பீடி இல்லை. ஒருவன் ஓடிவந்து என் கதவைத் தட்டி, இன்ஜினை நிறுத்தச் சொன்னான். நிறுத்திய பிறகுதான் எனக்கு அந்த நாற்றம் தெரிந்தது. பூண்டை நசுக்கி மூக்கில் வைத்த மாதிரி இருந்தது.

பாயின் டிரெய்லரில் இருந்தது கார்பைடு கல். பட்டறைக்காரர்கள் பற்றவைப்பு வேலைக்கு வாங்குவது. கப்பலில் வந்து இறங்கிய தகர டிரம்கள், மறுநாள் திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றுக்குப் போக வேண்டியவை. அந்தக் கல்லில் தண்ணீர் பட்டால் வாயு கிளம்பும். அந்த வாயுவில் ஒரு பொறி விழுந்தால் போதும். குப்பத்துப் பெண்கள் சாயங்காலம் மீன் விற்கும்போது எரிக்கிற விளக்குகூட அதே கல்தான். விளக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். இங்கே கடலே திடலுக்குள் ஏறி வந்திருந்தது. டிரெய்லரின் பலகை மட்டத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது, கீழ் வரிசை டிரம்களில் ஏதோ ஒன்றிரண்டு வாய் விட்டிருக்க வேண்டும்.

அந்த நாற்றத்தை முதலில் கண்டுபிடித்தது குப்பத்தில் மீன் விற்கிற ஒரு அக்கா. நாற்பது வயது இருக்கும். விடியலில் எழுந்தவள், மூக்கில் பட்டதுமே தன் விளக்கு ஞாபகம் வந்து ஓடிப் பார்த்திருக்கிறாள். பாய் மழைக்குப் பயந்து இருட்டோடு இருட்டாகவே வந்துவிட்டார். வந்து டிரெய்லரை வெளியே எடுக்கப் பார்த்தால் வாயில் என் சங்கிலி. என் வீடு எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியாது. தொடைவரை தண்ணீரில், தன் டிரெய்லருக்குப் பக்கத்திலேயே நின்று, தார்ப்பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். காற்று கடலிலிருந்து நேராகக் குப்பத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. அறுபது எழுபது ஓலைக் குடிசைகள்.

நான் சாவியோடு ஓடினேன். பூட்டுக்குள் ஈர மணல் நிரம்பியிருந்தது. சாவி பாதிதான் போயிற்று. பலம் கொண்ட மட்டும் திருகினேன், சாவி முறிந்து கையோடு வந்துவிட்டது. உங்களிடம் மறைக்கப்போவதில்லை, அந்த நிமிஷம் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. என் தப்பை என் கையாலேயே சரி பண்ணிவிட வேண்டும், எல்லாரும் பார்ப்பதற்குள் பண்ணிவிட வேண்டும் என்ற ஒரே வெறி. திரும்ப ஓடிப்போய் ஜாக்கித் தண்டை எடுத்து வந்து, பூட்டின் மேல் ஓங்கினேன்.

ஓங்கிய கையை யாரோ பிடித்துக்கொண்டார்கள். அந்த அக்கா.

"இன்னா பண்ற?"

"ஒடைக்கிறேன்."

"இரும்பால இரும்ப அடிச்சா இன்னா வரும்?"

தண்ணீரில் நின்ற இடத்திலிருந்தே பாய் பேசினார், வழக்கமான அதே குரலில்.

"அத்த கீய வெய், நைனா. போடாத. மெதுவா வெய்."

தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல அந்தத் தண்டை மணலில் வைத்தேன். அவ்வளவு நேரம் இல்லாத நடுக்கம் அப்போது வந்தது. சங்கிலி போட்டது என் முதல் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு இரண்டாவது. முதல் தப்பைச் செய்தவனுக்கு இரண்டாவதைச் செய்யத்தான் கை பரபரக்கும். அந்த வேளையில் உங்கள் கையைப் பிடிக்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் நீங்களே உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

டிரைவர்களில் ஒருவர், சாலையில் தூரமாக லாரியை நிறுத்தி நீளக் கயிறு போட்டு இழுத்துவிடலாம் என்றார். உங்களுக்கும் அதே யோசனைதான் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. பாய் தலையை ஆட்டினார்.

"லாரி வெடுக்குனு இஸ்க்கும். டிரம்மோட டிரம்மு இடிக்கும். கை அப்பிடி இஸ்க்காது. கைதான் வோணும்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. இன்ஜினை நம்பிப் பிழைக்கிற மனுஷன், இடுப்புக்குக் கீழே தண்ணீர், முதுகுக்குப் பின்னால் வெடிக்கக் காத்திருக்கிற சுமை. அந்த நேரத்தில் இன்ஜினால் என்ன முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அக்கா அதற்குமேல் காத்திருக்கவில்லை. அவள் அண்ணன் கரைவலை இழுக்கிற கூட்டத்துக்குத் தலைவர். ஒரு சத்தம் கொடுத்தாள், குப்பமே இறங்கி வந்தது. ஆண்கள், பெண்கள், மடியை இறுக்கிக் கட்டிய கிழவர்கள். இரண்டு பேர் வலைக் கயிற்றைச் சுருள் சுருளாகத் தோளில் போட்டு வந்தார்கள். அண்ணன் என் டிரெய்லரைச் சுற்றி ஒரு முறை நடந்தார், சக்கரத்தைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். போட்டது யார் என்று கேட்கவே இல்லை.

"இது உருளாது. வழுக்கிகினுதான் போவணும். என் மரத்த அவிழு" என்றார்.

கரையில் ஏற்றி வைத்திருந்த அவருடைய கட்டுமரத்தைப் பிரித்தார்கள். கயிற்றை அவிழ்த்தால் கட்டுமரம் வெறும் மரத் துண்டுகள்தானே. மறுவாரம் கடலுக்குப் போக வேண்டிய மரங்கள் என் சக்கரத்துக்கடியில் போயின. நான் ஓடிப்போய்த் தோள் கொடுக்கப் பார்த்தேன். அக்கா என்னை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள்.

"நீ இங்க வாணாம். உன் கை நடுங்குது. வூடு வூடா போ. அடுப்பு எரிஞ்சா மண்ண போடு. தண்ணி ஊத்தாத, பொகையும். மண்ணு போடு."

குடிசை குடிசையாக ஓடினேன். பாதி அடுப்புகளை அவர்களே அவித்திருந்தார்கள். மீதியில் இரண்டு கையாலும் மணலை அள்ளிப் போட்டேன். கடைசி வரிசையில் ஒரு குடிசையில் மட்டும் சட்டி நிறையத் தணல் கனிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கோரைப்பாயில் ஒரு பெண் படுத்திருந்தாள். பிள்ளை பெற்று நாலு நாளாம். குளிருக்காகக் குழந்தைக்குப் பக்கத்தில் தணல் வைத்திருக்கிறாள்.

"இத்த எதுக்கு அவிக்கிற? கொயந்தைக்குக் குளுரும்" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. எழுந்திருக்க முடியாதவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் என்னவென்று சொல்வேன்? பாய் மேல் இருந்த கோபத்தில் ஒரு பூட்டுப் போட்டேன், அதனால் உன் பிள்ளை குளிரில் கிடக்க வேண்டும் என்றா? தணலில் மணலைப் போட்டேன். போட்டிருந்த காக்கிக் கோட்டின் உள்பக்கம்தான் காய்ந்திருந்தது. அதைக் கழற்றித் திருப்பி அவளிடம் கொடுத்தேன். வாங்கிக் குழந்தையைச் சுற்றினாள். அந்தச் சிவந்த சின்ன முகத்தை நான் பார்த்த பிறகுதான், திடலின் வாயில் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு முழுசாகப் புரிந்தது.

வெளியே வந்தபோது என் டிரெய்லர் நகர்ந்துகொண்டிருந்தது. உருளவில்லை. ஈர மரங்களின் மேல், பூட்டிய சக்கரத்தோடு, ஒரு சாண், இன்னொரு சாண் என்று பக்கவாட்டில் வழுக்கிப் போய்த் தண்ணீரில் இறங்கியது. ஒரு மரம் அடியில் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திடலின் வாய் திறந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு முறையும் சரியாகச் சொன்னதாக நினைவில்லை. கயிறு பாயின் ஏர்க்காலில் கட்டப்பட்டது. சாலைவரை இரண்டு பக்கமும் ஆட்கள். குப்பத்துக்காரர்களும் டிரைவர்களும் கலந்து நின்றார்கள். காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில் கண்டாங்கிச் சேலை. டிரெய்லரைத் திசை திருப்ப ஒரு ஆள் ஏர்க்காலைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அந்த டிரம்களுக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள் அவர்தான். பாய் வேறு யாரையும் அனுமதிக்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஏர்க்காலைப் பிடித்தார்.

அண்ணன் மெல்லக் கூவினார். வலை இழுக்கும்போது கூவுகிற கூவல்தான், ஆனால் பாதிக் குரலில். அறுபது எழுபது பேர் ஒரே மூச்சில் பின்னால் சாய்ந்தார்கள். கயிறு விறைத்துத் தண்ணீரை உதறியது. மூன்று டன்னுக்குக் குறையாத சுமை, மணலில் அரைச் சக்கரம் புதைந்தது, ஒரு குலுக்கலும் இல்லாமல் கிளம்பியது. தார்ப்பாயின் ஓரம்கூட ஆடவில்லை. நான் ஓட்டிய எந்த வண்டியையும் நான் அவ்வளவு மெதுவாகக் கிளப்பியதில்லை, அதற்குப் பிறகும் எனக்கு அது வாய்க்கவில்லை. கூவல் நின்றால் எல்லாரும் நின்றார்கள், மறுபடி வந்தால் எல்லாரும் சாய்ந்தார்கள். முந்தின நாள்வரை கருவாட்டு வாடை கலீஜ் என்று மூக்கைப் பொத்திய டிரைவர்கள் அந்தக் கூவலுக்குக் குழந்தைகள்போலக் கட்டுப்பட்டார்கள். நான் கைகட்டி நின்று பார்த்தேன். கோயிலில்கூட எனக்கு அப்படி மயிர் கூச்செறிந்ததில்லை.

டிரெய்லர் வாயைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிர்ப்புறம் வீடு வாசல் இல்லாத மேட்டு நிலத்தில் ஏறி நின்றது. பாய் எல்லாரையும் காற்றுக்கு எதிர்த் திசையில் தூரமாகப் போகச் சொன்னார். தான் மட்டும் மேலே ஏறித் தார்ப்பாயைக் கடல் பக்கம் தூக்கிக் காற்று நுழைய விட்டார், மேல்பக்கம் மழை விழாமல் இழுத்துக் கட்டினார். நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. பட்டறையிலிருந்து விஷயம் தெரிந்தவர்கள் வந்து, நனைந்த இரண்டு டிரம்களைத் தனியே மணலில் கொண்டுபோய் வைத்தார்கள். குப்பத்தில் ஒரு ஓலை கருகவில்லை.

அந்த நேரத்தில் நான் யார் கண்ணிலும் படாமல் என் டிரெய்லரிடம் போய் நின்றேன். அது கடல் தண்ணீரில் ஒரு பக்கம் சாய்ந்து புதைந்துகொண்டிருந்தது. முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று கவலைப்பட்டேன் என்றால் பொய். கவலைப்படக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. போகட்டும், கடலே கொண்டுபோகட்டும் என்றுதான் நினைத்தேன்.

பின்னால் தண்ணீரில் நடக்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அதே கயிறு, அதே ஆட்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. இரண்டு பேர் மிச்சமிருந்த மரங்களைத் தூக்கி வந்தார்கள். அக்காவின் அண்ணன் குனிந்து என் ஏர்க்காலில் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். அவருடைய மரம் ஒன்று முறிந்து கிடந்தது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பாய் பக்கத்தில் வந்து நின்றார். உதடெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

"பாய், நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பால பேசலாம், நைனா. தண்ணி ஏறிகினு கீது."

அக்கா கயிற்றின் முனையை எடுத்து என் கையில் திணித்தாள்.

"இப்போ நடுங்கல. நீயும் பிடி" என்றாள்.

எனக்கு முன்னால் அவள், பின்னால் பாய். கூவல் வந்தது, சாய்ந்தேன். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. சக்கரம் உருளவில்லை, உருளாமல் செய்தவன் நான்தானே. நான் பூட்டிய வண்டியைச் சாண் சாணாக அவர்கள் எல்லாரும் சேர்ந்து சுமந்து இழுத்தார்கள், அவர்களில் ஒருவனாக நானும் இழுத்தேன். எனக்கு அழுகை பொங்கி வந்தது. மழையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

பாய்க்குத் தெரிந்திருக்கிறது. பின்னாலிருந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அழுதுகினே இஸு, பரவால்ல. கூவல மட்டும் வுட்றாத."

விடவில்லை. இழுத்தேன்.